‘ஆனால்’ முன்னே வருமா, பின்னே வருமா?

கம்ப்யூட்டர் ஒரு வேலையாள். சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. சொன்னதில் ஒரு புள்ளி குறைந்தாலும், “புரியவில்லை” என்று நின்றுவிடும்.

அந்த வேலையாளிடம் எப்படிச் சொல்ல வேண்டும்? எந்தச் சொல்லை முதலில் வைப்பது? எதைக் கடைசியில் வைப்பது? எங்கே புள்ளி, எங்கே அடைப்பு? இதற்கெல்லாம் விதிகள் உண்டு. விதிகளும் கட்டளைச் சொற்களும் சேர்ந்ததுதான் கம்ப்யூட்டர் மொழி.

இந்த விதிகள் வானத்திலிருந்து விழவில்லை. மனிதர்கள் கூடிப் பேசி வகுத்தார்கள். பேசும்போது சண்டையும் வந்தது. ஒரு புள்ளிக்காக மேஜையைக் குத்தியவர் உண்டு. ஒரு குறியால் வந்த வாதத்தில் சலித்துத் தலைமைப் பொறுப்பைத் துறந்தவரும் உண்டு.

“படித்தவர்களின் வீண் வம்பு இது. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதனால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். இது வீண் வம்பு அல்ல. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் படிப்பு இதில் அடங்கியிருக்கிறது.

உப்பளத்தில் ஒரு கட்டளை

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் கீழ்புத்துப்பட்டு. அதற்கு வடக்கே மரக்காணம். மரக்காணம் என்றதும் உப்பளம் நினைவுக்கு வரும்.

உப்பு எப்படி விளைகிறது? உவர்நீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். வெயிலில் நீர் வற்றுகிறது. வற்ற வற்ற உப்பின் செறிவு கூடுகிறது. இந்தச் செறிவை அளக்க ஒரு மானி உண்டு. அதன் அளவுக்குப் போமே பாகை என்று பெயர். கடல்நீரில் மானியை மிதக்கவிட்டால் சுமார் 3 பாகை காட்டும். 25 பாகையை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும்.

வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

“தண்ணி 25 பாகைக்கு வந்தால், உப்புப் பாத்திக்குத் திறந்து விடு. வராவிட்டால், இன்னும் காயவிடு.”

இவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளையும் இதே மாதிரிதான். ஒரு நிபந்தனை. அது நடந்தால் ஒரு வேலை. நடக்காவிட்டால் வேறு வேலை. கம்ப்யூட்டர் என்றதும் மிரள வேண்டாம். உப்பளத்தில் இருக்கும் அறிவே அதற்கும் வேண்டிய அறிவு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். “வந்தால்” என்ற சொல்லில் நிபந்தனையைக் காட்டும் பகுதி எங்கே இருக்கிறது? “ஆல்” என்று கடைசியில் இருக்கிறது. தமிழில் முதலில் செய்தி, பிறகு “ஆல்”. ஆங்கிலத்தில் இது தலைகீழ். “இஃப்” என்ற சொல் முதலில் வரும். அதற்குப் பிறகுதான் செய்தி.

இன்று உலகில் பெரும்பாலும் வழங்கும் கம்ப்யூட்டர் மொழிகளில் “இஃப்” முன்னால் நிற்கிறது. காரணம் என்ன? அவற்றை வகுத்தவர்கள் ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். இயந்திரத்துக்கு ஆங்கிலம்தான் தெரியும் என்பது காரணம் அல்ல.

இயந்திரத்துக்குத் தாய்மொழி உண்டா?

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவர். கணிதப் பேராசிரியர்.

1950-களில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது கணிதக்காரர்களின் வேலையாக இருந்தது. எண்களும் குறிகளுமாக எழுதினார்கள். கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கு அது புரியாது. “சாதாரணச் சொற்களில் கட்டளை எழுதலாமே” என்றார் ஹாப்பர். “முடியாது. கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் தெரியாது” என்று மறுத்தார்கள்.

அவர் செய்து காட்டினார். அதோடு நிற்கவில்லை. அதே கட்டளைகளைப் பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் எழுதிக் காட்டினார். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான் என்று விளக்கவே அப்படிச் செய்தார். பார்த்த மேலதிகாரிகள் திகைத்தார்கள். அமெரிக்காவில் செய்த இயந்திரம் பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுவதாவது என்று அவர்களுக்குத் தோன்றியது. ஆங்கிலத்தில் மட்டும் செய்வதாக உறுதி சொல்ல வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஹாப்பரே இதைச் சொல்லியிருக்கிறார்.

இயந்திரத்துக்குத் தாய்மொழி கிடையாது. அதை வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும்தான் உண்டு.

ஒரு புள்ளி செய்த கலகம்

1958-ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரம். அமெரிக்காவிலிருந்து 4 பேர், ஐரோப்பாவிலிருந்து 4 பேர், ஆக 8 அறிஞர்கள் கூடினார்கள். உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் மொழியை வகுப்பது அவர்கள் நோக்கம். அல்கால் என்ற மொழி அங்கே உருவாயிற்று.

ஒரு சிறு விஷயத்தில் வேலை நின்றது. இரண்டரை என்பதை அமெரிக்கர்கள் 2.5 என்று புள்ளி வைத்து எழுதுவார்கள். ஐரோப்பாவில் பல நாடுகளில் 2,5 என்று கமா போட்டு எழுதுவார்கள். எது சரி? “புள்ளியை ஒருகாலும் வைக்க மாட்டேன்” என்று ஒருவர் மேஜையைக் குத்தினார். கூட்டத்தில் இருந்த ஆலன் பெர்லிஸ் பிற்காலத்தில் இதை எழுதினார்.

தகராறு எப்படித் தீர்ந்தது? ஜோசப் வெக்ஸ்டைன் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார். மொழிக்கு மூன்று உருவம் வைத்துக்கொள்ளலாம் என்றார். விதியை விளக்க ஓர் உருவம். புத்தகத்தில் அச்சிட ஓர் உருவம். இயந்திரத்துக்குள் செலுத்த ஓர் உருவம். பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். எழுதும் முறை இடத்துக்கு ஏற்ப மாறலாம். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த யோசனையை நினைவில் வைக்க வேண்டும். தமிழுக்கும் இது உதவும்.

தலைவர் விலகினார்

இன்று பிள்ளைகள் அதிகம் படிக்கும் கம்ப்யூட்டர் மொழிகளில் ஒன்று பைத்தான். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கீடோ வான் ராசம் உருவாக்கியது. 1991-ல் வெளியிட்டார். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. யாரும் பயன்படுத்தலாம், யாரும் திருத்தம் சொல்லலாம். எல்லோர் யோசனையையும் கேட்டு, கடைசி முடிவை அவர் சொல்வார். ஏறக்குறைய 27 ஆண்டுகள் அப்படி நடந்தது.

2018-ல் ஒரு யோசனை வந்தது. முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து := என்று ஒரு புதுக் குறி வைக்கலாம் என்பது அது. ஒரு மதிப்புக்குப் பெயர் சூட்டுவதையும், உடனே அதைப் பயன்படுத்துவதையும் ஒரே வரியில் முடிக்கலாம். “வரி குறையும்” என்றார்கள் சிலர். “படிக்கிறவர் திணறுவார்” என்றார்கள் மற்றவர்கள். வாதம் மாதக்கணக்கில் நீண்டது. சூடும் ஏறியது.

கடைசியில் வான் ராசம் யோசனையை ஏற்றார். ஆனால் அவர் மனம் சலித்துவிட்டது. இவ்வளவு போராடி முடிவு செய்த பிறகும் பலர் தம் முடிவை வெறுக்கிறார்களே என்று வருந்தினார். 2018 ஜூலை 12-ல், முடிவு சொல்லும் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதினார்.

பைத்தான் அழிந்துவிடவில்லை. உழைத்தவர்கள் கூடி, இனி எப்படி முடிவெடுப்பது என்று ஆலோசித்தார்கள். 2019-ன் தொடக்கத்தில் தேர்தல் வைத்து 5 பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். முதல் குழுவில் வான் ராசமும் இருந்தார். அந்தக் குறியும் அதே ஆண்டில் மொழியில் சேர்ந்தது.

சண்டை வந்ததே தவறு என்று சொல்ல முடியாது. வரியைக் குறைக்க வேண்டும் என்பதும் நியாயம். புதிதாகப் படிக்கிறவர் திணறக் கூடாது என்பதும் நியாயம். இரண்டு நியாயங்கள் மோதும்போது வாதம் வரத்தான் செய்யும். வசைதான் கூடாது. உழைத்தவரை ஒதுங்க வைக்கும் வாதத்தால் யாருக்கும் லாபம் இல்லை.

தமிழில் வந்த ‘எழில்’

தமிழில் கட்டளை எழுத முடியுமா? முடியும். முத்து அண்ணாமலை என்ற பொறியாளர் ‘எழில்’ என்ற கம்ப்யூட்டர் மொழியைச் செய்தார். அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 2009-ல் வெளியாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே கட்டளை எழுதிப் பழக வேண்டும் என்பது நோக்கம். பைத்தானை அடித்தளமாக வைத்து இதைக் கட்டினார்.

திரையில் ஒன்றைக் காட்ட “பதிப்பி” என்று எழுத வேண்டும். பகுதி முடிந்தால் “முடி”. நிபந்தனைக்கு “ஆனால்”. நிபந்தனையை முதலில் அடைப்புக்குள் எழுதி, “ஆனால்” என்பதை அதன் பின்னே வைக்க வேண்டும். உப்பளத்தில் சொல்கிற அதே வரிசை. இது தமிழின் இயல்பை அறிந்து செய்த நல்ல ஏற்பாடு.

இதிலும் கேள்விகள் எழும்.

முதல் கேள்வி. “பதிப்பி” என்ற வினை முன்னால் வருகிறது. “வணக்கம் என்று பதிப்பி” என்பது தமிழ் நடை. “பதிப்பி வணக்கம்” என்பது ஆங்கில நடை. நிபந்தனையில் தமிழ் வரிசை, ஏவலில் ஆங்கில வரிசை என்று கலந்து நிற்கலாமா?

இரண்டாவது கேள்வி. “ஆனால்” என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. “மழையானால் வேலை இல்லை” என்பதில் அது நிபந்தனை. “வந்தான், ஆனால் பேசவில்லை” என்பதில் மறுப்பு. புதிதாகப் படிக்கும் பிள்ளை எதை நினைக்கும்?

மூன்றாவது கேள்வி “வரை” என்ற சொல்லைப் பற்றியது. திரும்பத் திரும்ப ஒரு வேலையைச் செய்ய எழிலில் “வரை” என்று எழுத வேண்டும். நிபந்தனை உண்மையாக இருக்கும் காலமெல்லாம் வேலை நடக்கும். “உயிர் உள்ள வரை உழைப்பேன்” என்பது போல. ஆனால் தமிழில் “விடியும் வரை காத்திரு” என்றும் சொல்வதுண்டு. அங்கே விடிந்ததும் காத்திருப்பு முடிந்துவிடும். ஒரே “வரை”. ஒன்றில் நிபந்தனை நீடிக்கும் மட்டும் வேலை. மற்றதில் நிபந்தனை பிறந்ததும் வேலை நிறுத்தம். மனிதருக்கு இடம் பார்த்துப் புரியும். இயந்திரத்துக்குப் புரியாது.

இது தமிழின் குறை அல்ல. பேச்சு மொழி எல்லாவற்றிலும் இப்படி உண்டு. “ஞாயிறு வரை விடுமுறை” என்றால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையா, இல்லையா? வீட்டுக்கு வீடு வாதம் நடக்கும். பைத்தானிலும் இதே சிக்கல் இருக்கிறது. “ரேஞ்ச்” என்ற கட்டளையில் 1, 10 என்று கொடுத்தால் 9-உடன் நின்றுவிடும். 10 வராது. புதிதாகப் படிக்கிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

எழிலைக் குறை சொல்வதற்காக இந்தக் கேள்விகளை எழுப்பவில்லை. ஒருவர் செய்து வைத்ததால்தான் கேள்வி கேட்கவே முடிகிறது. செய்யாமல் இருந்திருந்தால் பேச என்ன இருக்கும்?

ஓர் ஊர், இரண்டு தமிழ்

சொல்லைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்குக் கீழ்புத்துப்பட்டே சாட்சி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஊரில் தமிழ்நாட்டுத் தமிழும் உண்டு, ஈழத்துத் தமிழும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் கம்ப்யூட்டருக்குக் “கணினி” என்று பெயர். இலங்கையில் “கணனி” என்று எழுதும் வழக்கம் உண்டு. ஓர் எழுத்தில் சிறு மாற்றம். பேசுகிறவர்களுக்குள் இதனால் குழப்பம் வராது. இரண்டும் ஒன்று என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

இயந்திரம் அப்படிப் பெருந்தன்மை காட்டாது. ஒன்றைப் பழக்கினால் ஒன்றைத்தான் ஏற்கும். மற்றதைப் பிழை என்று தள்ளும். அப்படியானால் எந்தத் தமிழ் சரி, எந்தத் தமிழ் பிழை? இதை ஒரு தனி மனிதர் முடிவு செய்யலாமா? கூடாது. பல ஊர்த் தமிழரும் கூடிப் பேச வேண்டிய விஷயம் இது.

எழுத்திலும் இதே கதை

இது தமிழருக்குப் புதிய அனுபவம் அல்ல. எழுத்துச் சீர்திருத்தத்தில் இதைப் பார்த்தாயிற்று.

பழைய புத்தகங்களில் “லை”, “னை” போன்ற எழுத்துக்களுக்கு யானைத் துதிக்கை போல வளைந்த உருவம் இருந்தது. “ணா”, “றா”, “னா” ஆகியவற்றுக்கும் தனி உருவங்கள். அச்சுக் கோர்ப்பதற்குத் தனித்தனி அச்சுக்கள் வேண்டும். எழுதப் படிக்கத் தொடங்குகிறவருக்கும் சுமை. பெரியார் 1935-ல் ‘குடி அரசு’ இதழில் மாற்று வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். ஆதரவும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. 1978-ல்தான் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. 13 எழுத்துக்கள் இன்றைய உருவத்தைப் பெற்றன. பிறகு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இவை பரவின.

ஐ என்பதை அய் என்றும், ஔ என்பதை அவ் என்றும் எழுதும் முறை பாடநூல்களில் நிலைக்கவில்லை. ஐயும் ஔவும் இன்றும் இருக்கின்றன. சொன்னதெல்லாம் ஏற்கப்படவில்லை. மறுத்ததெல்லாம் மறைந்துவிடவும் இல்லை. பேசிப் பேசி, பயன்படுத்திப் பார்த்து, நின்றது நின்றது.

மாற்றத்துக்கு விலையும் உண்டு. பைத்தானில் “பிரிண்ட்” என்ற கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி போட வேண்டும் என்று 2008-ல் விதி மாறியது. வேறு மாற்றங்களும் உடன் வந்தன. பழைய முறையில் எழுதியவை புதிய பைத்தானில் ஓடவில்லை. பழையதைக் கைவிட 2020 ஜனவரி 1 வரை காலம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே, தொடங்கும்போதே யோசிப்பது நல்லது.

பள்ளியில் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2019-ல் வந்த பிளஸ் 2 கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இடம்பெற்றது. தமிழ் வழியிலும் பாடநூல் உண்டு. விளக்கம் தமிழில் இருக்கிறது. கட்டளை ஆங்கிலத்தில் இருக்கிறது.

“ஆங்கிலக் கட்டளையே வேண்டாம்” என்று சிலர் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் உலகம் பயன்படுத்தும் மொழிதான் கேட்பார்கள். பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது.

“தமிழே வேண்டாம், மொத்தமே சில சொற்கள்தானே” என்று வேறு சிலர் சொல்கிறார்கள். பைத்தானில் கட்டளைக்கென்று ஒதுக்கி வைத்த சொற்கள் 35 என்பது உண்மை. 35 சொற்களை மனப்பாடம் செய்வது பெரிய காரியம் அல்ல. ஆனால் சிரமம் சொல்லில் மட்டும் இல்லை, வரிசையிலும் இருக்கிறது. பிழை செய்தால் இயந்திரம் தரும் எச்சரிக்கை முழுவதும் ஆங்கிலம். எங்கே தவறு என்றே தெரியாமல், “எனக்கு இது வராது” என்று பிள்ளை ஒதுங்கிவிடும். அறிவு குறைவு என்று அது தன்னையே நொந்துகொள்ளும். அறிவில் குறை இல்லை. சொன்னது புரியவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் ஜூரிச் நகரில் கண்ட வழி உதவுகிறது. பொருள் ஒன்று, உருவம் மூன்று.

முதலில் நோட்டுப் புத்தகத்தில் தமிழ். “25 பாகைக்கு வந்தால் திறந்து விடு, வராவிட்டால் காயவிடு” என்று பிள்ளை தன் நடையில் எழுதட்டும். யோசனை தெளிவாகட்டும்.

இரண்டாவது, எழில் போன்ற தமிழ்க் கட்டளை. தன் மொழியில் சொன்னதை இயந்திரம் செய்கிறது என்று கண்ணால் பார்த்தால் பயம் போய்விடும்.

மூன்றாவது, பைத்தான். அதிலும் தமிழுக்கு இடம் இருக்கிறது. 2008 முதல், பைத்தானில் மதிப்புகளுக்குச் சூட்டும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். “பாகை = 25” என்று எழுதினால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொல் ஆங்கிலம், பெயர் தமிழ். இது பல ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை.

இதோடு, அடிக்கடி வரும் பிழை எச்சரிக்கைகளுக்குத் தமிழ் விளக்கம் அச்சிட்டு, கம்ப்யூட்டர் அறைச் சுவரில் ஒட்டலாம். ஒரு தாள் போதும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம்.

அளவுகோல் யார்?

விதி வகுக்கக் கூடும் அறிஞர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஏற்கெனவே படித்தவருக்கு எந்தக் குறியும் எளிது. பழகிவிட்டதால் கஷ்டம் தெரியாது. நாளைக்குப் புதிதாக வருகிறவர்தான் அளவுகோல். உப்பளத் தொழிலாளியின் மகள் முதல் தடவை படித்ததும் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். புரிந்தால் அந்த விதி நல்ல விதி. புரியாவிட்டால் மறுபடியும் கூடிப் பேச வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் தமிழாசிரியர் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பொறியாளர் இருக்க வேண்டும். ஈழத் தமிழரும் மலேசியத் தமிழரும் இருக்க வேண்டும். இப்போதுதான் கற்கத் தொடங்கிய மாணவர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். அவர்கள் “புரியவில்லை” என்று சொன்னால், மற்றவர்கள் கோபப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.